வலத்து மாடு

காளைக்கன்று பிறந்தால் அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டோம். கிடேரி பிறந்தால் அதற்கு மஞ்சள் தடவி, கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டி, அக்கம்பக்கத்தில் நாலு வீட்டுக்குச் சீம்பால் கொடுப்போம். காளைக்கன்றுக்கு ஒன்றும் கிடையாது. அது குடிக்கிற ஒவ்வொரு வாய்ப் பாலும் போத்தலில் குறையும். அதனால் கறந்து முடித்த காம்பை மட்டும் அதற்கு விடுவோம். மூன்றாவது வாரம் அது காலை மடக்கிப் படுத்துவிடும். தோலை உரித்து, உள்ளே வைக்கோலை அடைத்துத் தாயின் முன்னால் நிறுத்தினால், தாய் அதை நக்கிக்கொண்டே பால் சொரியும். என் அப்பா அப்படிச் செய்தார். அவர் போன பிறகு நான் செய்தேன். ஜப்பான்காரன் வந்த பிறகுதான் மனிதர்களின் மனசு கல்லாகிப் போனது என்று என் வயதுக்காரர்கள் சொல்லும்போது நான் வாயைத் திறப்பதில்லை.

அப்போது எனக்கு முப்பது வயது. மலாக்காவில், காஜா பெராங் சாலையிலிருந்து உள்ளே போகிற மண்பாதையில் எங்கள் வீடும் மாட்டுக் கொட்டகையும் இருந்தன. பதினொரு கறவை மாடுகள். தெங்கேராவின் பெரிய வீட்டுச் சீனர்கள், டவுனில் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம்கள், பக்கத்துக் கம்போங் குடியிருப்பின் செட்டிமார்கள் எல்லாரும் எங்களிடம்தான் பால் வாங்கினார்கள். செட்டிமார்களுக்கு நம் சாமிதான், பேச்சு மட்டும் மலாய்.

இரண்டு சந்து தள்ளி என் தங்கச்சி வீடு. அவள் புருஷனுக்கு இரட்டை மாட்டு வண்டி இருந்தது. விறகும் தேங்காயும் ஏற்றுவார். அந்தக் கல்யாணத்தை நான்தான் பேசி முடித்தேன். வண்டியை ஓரமாக நிறுத்தி, தான் தண்ணீர் குடிப்பதற்கு முன் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுகிறவர் அவர். மாட்டை அடிக்காதவன் பெண்டாட்டியையும் அடிக்க மாட்டான் என்று நினைத்தேன். அது சரியாகவே இருந்தது. இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். அவர் என்னை மச்சான் என்பார், நானும் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன்.

ஜப்பான்காரன் வந்த சில மாதங்களில் மாடுகளைக் கணக்கெடுத்தார்கள். ஒவ்வொன்றின் காதிலும் எண் போட்ட தகரத்தைத் தைத்தார்கள். அனுமதி இல்லாமல் விற்கக்கூடாது, அறுக்கக்கூடாது. பிறகு வாரத்துக்கு ஒருமுறை லாரி வர ஆரம்பித்தது. பட்டாளத்துக்கு இறைச்சி வேண்டும். முதலில் எது கண்ணில் பட்டதோ அதை ஏற்றினார்கள். என்னிடமிருந்து போன முதல் பசு கன்று போட்டு ஏழு நாள்தான் ஆகியிருந்தது. பலகையில் ஏற்றும்போது மடியிலிருந்து பால் சொட்டிக்கொண்டே போனது. அப்படி நாலு பசுக்கள் போயின. நாலாவது போனபோது நான் லாரியின் பின்னால் ஓடி, அங்கே நின்றிருந்த அதிகாரியிடம் பேசினேன்.

தலை குனியாமல் பேசியதற்காக முதலில் கன்னத்தில் அறைந்தான். அப்புறம், சொல் என்று மலாயில் சொன்னான். அவன் மலாய் அரைகுறை. ஆனால் மாட்டைப் பற்றி எது சொன்னாலும் புரிந்துகொள்வான்.

துவான், அதாவது ஐயா, என்று கூப்பிட்டு நான் சொன்னது இதுதான். துவான், இந்தப் பசுவை அறுத்தால் ஒரு நாள் சாப்பாடு. வைத்திருந்தால் வருஷம் ஒரு கன்று. அறுக்க வேண்டியது காளைக்கன்றையும், மலட்டு மாட்டையும், வயசான வண்டி மாட்டையும். அவை எலும்பும் தோலுமாக இருப்பதால் உங்கள் ஆட்கள் தொடுவதில்லை. அவற்றைக் கொண்டுவந்து கட்டி, வேலை வாங்காமல் மரவள்ளியும் புண்ணாக்கும் போட்டால் சதை வைக்கும். அதிலும் உழைத்து இளைத்த வண்டி மாடு எல்லாவற்றையும்விடச் சீக்கிரம் ஊதும்.

அவன் பசுவின் வால் அடியில் விரல் வைத்து அழுத்திப் பார்த்துக்கொண்டே கேட்டான். தன் ஊர் மலையில் இருக்கிறது, அப்பா இரண்டு கறுப்பு மாடு வைத்திருந்தார் என்றான். மறுநாள் திரும்பி வந்தான். ராணுவம் பிடித்துக்கொண்டு போய்த் திரும்பாத ஒரு சீன முதலாளியின் ரப்பர் கிடங்கும் அதைச் சுற்றியிருந்த தென்னந்தோப்பும் மாட்டுப் பட்டியாகின. பட்டிக்கு நான் பொறுப்பு. மீதி ஏழு பசுக்களை எனக்கே விட்டான்.

என் மாடுகளைக் காப்பாற்றத்தான் அதைச் சொன்னேன். ஆனால் அன்றைக்கு நான் கொடுத்தது வெறும் யோசனை இல்லை. எந்தச் சந்தில் யார் வீட்டில் எந்த மாடு நிற்கிறது, எது பல் விழுந்தது, எது இரண்டு வருஷமாகச் சினை பிடிக்காதது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். லாரியின் முன்பக்கம் உட்கார்ந்து வழி காட்டினேன்.

பட்டியில் ஐம்பது மாடு வரை நிற்கும். புல் அறுக்க, மரவள்ளி சீவ, சாணம் அள்ள ஆறு ஆட்கள். அவர்களுக்கும் எனக்கும் முத்திரை குத்திய துணிப்பட்டை கையில் உண்டு. அந்தப் பட்டை இல்லாமல் வேலையில்லாமல் திரிகிற ஆம்பளை யாராக இருந்தாலும், சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிவிடுவார்கள். புல்லுக்கு பத்து பெரெண்டாம் என்கிற ஊரின் விமானத் திடல் பக்கம் வரை போவோம். மரவள்ளியைச் சீவி வெயிலில் இரண்டு நாள் உலர்த்துவோம். பச்சையாகப் போட்டால் அதிலுள்ள விஷம் மாட்டைக் கொன்றுவிடும்.

அவ்வளவு பெரிய தராசு எங்களிடம் இல்லை. முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றிக் கயிறு போட்டு அளந்து, வாரா வாரம் அதில் முடிச்சுப் போடுவேன். ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு கயிறு. முதல் மாதம் முடிச்சுகள் தள்ளித் தள்ளி விழும். அப்புறம் நெருங்கும். ஆறாவது வாரத்துக்குப் பிறகு ஒரே இடத்தில் நின்றுவிடும். அது ஏன் என்று கசாப்புக்காரர்தான் சொன்னார். யுத்தத்துக்கு முன் பாசாரில் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் அவர். இப்போது பட்டியின் பின்புறம் பட்டாளத்துக்காக அறுத்தார். சிப்பாய்களுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை என்றாலும் ஒவ்வொரு மாட்டுக்கும் வாய்க்குள் பிஸ்மி சொல்லித்தான் கத்தி வைப்பார்.

"நாப்பது நாளுக்கு மேல போட்டா தீனி வீண் தம்பி. குண்டிக்காயச் சுத்தி மஞ்சக் கொழுப்பாத்தான் கட்டுது. கறி கூடல" என்றார்.

அதிலிருந்து நாற்பதாவது நாளே மாட்டை அவரிடம் ஓட்டிவிடுவேன். அதே தீனியில் இன்னொரு மாடு ஏறும். அதிகாரிக்கு அது ரொம்பப் பிடித்தது. ஊரே மரவள்ளியைத் தின்றுகொண்டிருந்தபோது எனக்கு மாதத்துக்கு அரை மூட்டை அரிசி கொடுத்தான்.

மரவள்ளி என்று சொன்னேன். ஊருக்கு அதுகூடச் சரியாகக் கிடைக்கவில்லை. பட்டி வேலியோரம் காலையிலிருந்தே பெண்கள் வந்து நிற்பார்கள். கிழங்கு கேட்க மாட்டார்கள், சீவிய தோலைத்தான் கேட்பார்கள். தோலும் மாட்டுக்கு என்பது உத்தரவு. அதிகாரி கூடைகளை எண்ணுவான். முன்பு பொங்கலுக்கென்று என்னிடம் இரண்டு போத்தல் பால் கூடுதலாக வாங்குகிற செட்டி வீட்டம்மா ஒருத்தி, தோல் மட்டும் போதும் என்று மலாயில் கேட்டுக்கொண்டு நிற்பாள். நான் காது கேட்காதவன் மாதிரி போவேன். ஒருநாள் வேலி இடுக்கில் கையை விட்டு, மாட்டுத் தொட்டியிலிருந்து ஒரு பிடி அள்ளினாள். கையிலிருந்த தடியால் அந்தக் கையைத் தட்டினேன். லேசாகத்தான் தட்டினேன் என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அதிகாரி எப்படிப்பட்டவன் என்பதையும் சொல்ல வேண்டும். காலையில் வந்ததும் ஒவ்வொரு மாட்டின் முதுகிலும் கை வைப்பான். வைக்கோலைச் சுருட்டித் தேய்த்துவிடுவான். ஈ மொய்த்தால் எங்களைத் திட்டுவான். மாட்டை அடித்த ஆளை அதே கயிற்றால் அடிப்பான். மாட்டிடம் பேசும்போது அவன் குரலே வேறாக இருக்கும்.

தெங்கேரா பக்கத்து வண்டிக்காரர் ஒருவர், தன் காளையைத் தப்பிக்க வைக்க அதன் முன்னங்கால் குளம்பில் ஆணி ஒன்றை ஏற்றிவிட்டார். நொண்டுகிற மாட்டை எடுக்க மாட்டார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் போனபோது காளை மூன்று காலில் நின்றது. அதிகாரி மண்டியிட்டான். காலைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னான், பிடித்தேன். குறடு கொண்டுவரச் சொல்லி ஆணியை மெதுவாக உருவினான். சீழைக் கழுவி, மருந்து வைத்து, துணி கட்டினான். காளையின் நெற்றியைத் தடவிக்கொடுத்தான். பிறகு எழுந்து, அந்த ஆணியைத் துடைத்து, வண்டிக்காரரைப் படுக்கச் சொன்னான்.

"பெகாங்" என்றான் என்னைப் பார்த்து. பிடி என்று அர்த்தம்.

மாட்டின் காலைப் பிடித்த மாதிரியே அந்த மனிதரின் கணுக்காலைப் பிடித்தேன். அவருக்கு என்னைத் தெரியும். கோயில் திருவிழாவில் ஒரே பந்தியில் சாப்பிட்டிருக்கிறோம். குதிகாலில் ஆணி இறங்கியபோது அவர் கால் என் கைக்குள் துள்ளியது. நான் விடவில்லை. விட்டிருந்தால் அடுத்த ஆணி எனக்கு என்று நினைத்தேன். அதிகாரி அப்படி ஒன்றும் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டதுதான். காளை பட்டிக்கு வந்தது. புண் ஆறும்வரை கூடுதலாகப் பத்து நாள் வைத்திருந்தோம்.

அதற்குப் பிறகு மாரியம்மன் கோயிலில் நான் வரிசையில் நின்றால் முன்னாலும் பின்னாலும் இடம் விட்டு நின்றார்கள். என் மனைவி கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டாள். ஆனால் அந்த அரிசியை அவள்தான் வடித்தாள். நாங்கள் எல்லாரும் தின்றோம்.

அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. சீவிப்போட்ட மரவள்ளி உலரவில்லை. தொட்டிகள் காலியாக இருந்தன. முடிச்சுகள் பின்வாங்க ஆரம்பித்தன. அரைகுறையாக உலர்ந்ததையே போடச் சொன்னேன். அன்றைக்கு மத்தியானம் ஒரு காளை நுரை தள்ளி விழுந்தது. வயிறு உப்பி, கால்கள் உதைத்து, அரை மணி நேரத்தில் அடங்கிவிட்டது. மறுநாள் லாரியில் போகவேண்டிய காளை அது.

அதிகாரி என்னைச் சேற்றில் மண்டியிட வைத்தான். செத்த மாட்டின் தலையை என் மடியில் தூக்கி வைக்கச் சொன்னான். மழையில் அப்படியே இருந்தேன். ஆட்கள் பார்த்துக்கொண்டு புல் வெட்டினார்கள். சாயங்காலம் எழுந்திரு என்றான். நேராக என் கொட்டகைக்கு நடந்தான்.

ஏழில் மூன்று மலடாகிப் பட்டிக்குப் போய்விட, என்னிடம் அப்போது நாலு பசுக்கள்தான் மிச்சம். மூன்று கறவை நின்ற கிழடுகள். நாலாவது ஏழு மாதச் சினை. என் வீட்டில் உருப்படியான ஒரே மாடு அதுதான். அவன் அதன் இடுப்பில் கை வைத்தான். நாளைக்கு இது என்றான்.

நான் யோசிக்கக்கூட இல்லை. வாய் முந்திக்கொண்டது. துவான், இது சினை, தோலுக்கு அடியில் ஒன்றுமில்லை, கழுத்தெலும்பைப் பாருங்கள், இதைவிடச் சதைப்பிடிப்பான மாடு எனக்குத் தெரியும் என்றேன்.

"டி மானா?" என்றான். எங்கே என்று கேட்டான்.

பக்கத்தில்தான் என்று சொல்லி நானே முன்னால் நடந்தேன்.

தங்கச்சி புருஷன் மாடுகளை அப்போதுதான் அவிழ்த்திருந்தார். பட்டாளத்துக்கு விறகு ஏற்றுகிறவர் என்பதால் அவர் கையிலும் பட்டை இருந்தது. அதனால் அவர் மாடுகளை இதுவரை யாரும் கேட்டதில்லை. அவர் பட்டினி கிடந்தாலும் மாடுகளுக்கு எப்படியோ தீனி தேடிவிடுவார். இரண்டும் மினுமினு என்று நின்றன. அதிகாரியின் முகம் மலர்ந்தது. இரண்டின் முதுகையும் தடவினான்.

"டுவா டுவா" என்றான். இரண்டுமே வேண்டுமாம்.

அப்போதுதான் நான் செய்தது எனக்கு உறைத்தது. ஒன்று போதும் துவான், ஒன்றை விட்டுவிடுங்கள், விறகு வண்டி ஓட வேண்டும் என்று குனிந்து குனிந்து கெஞ்சினேன். அவன் சிரித்தான். எது என்று நீயே காட்டு என்றான். வலது பக்கம் பூட்டுகிற மாட்டுக்குப் பின்சப்பை கனம். அதைக் காட்டினேன்.

மூக்கணாங்கயிற்றை மச்சானே அவிழ்த்து என் கையில் கொடுத்தார். தங்கச்சி வாசலில் சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒன்றையாவது காப்பாற்றிக் கொடுத்தேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் தலையாட்டினாள். அன்றைக்கு அவளும் அப்படித்தான் நினைத்திருப்பாள்.

இடத்து மாடு என்று ஒன்று தனியாக இருக்க முடியாது. கன்றிலிருந்து நுகத்தின் இடது பக்கமே பூட்டிப் பழகிய மாடு அது. மச்சான் வண்டியின் நடு ஏர்க்காலை எடுத்துவிட்டு இரு பக்கமும் ஏர்க்கால் வைத்து ஒற்றை மாட்டு வண்டியாக மாற்றிப் பார்த்தார். அது இரண்டடி நடக்கும், வலது பக்கம் திரும்பிப் பார்க்கும், படுத்துவிடும். அவருக்கு அடிக்கவும் தெரியாது. ஜோடிக்கு ஒரு மாடு தேடி தினமும் அலைந்தார். காஜா பெராங்கிலும் தெங்கேராவிலும் வண்டி இழுக்கிற மாடு எங்கே இருந்தது? எல்லாவற்றையும் நான்தான் எடுத்திருந்தேன்.

விறகு போகாததால் மூன்றாவது வாரம் பட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அன்றைக்கே என்னிடம் வந்தார். பட்டி வேலியின் வெளியே நின்றார், உள்ளே வரவில்லை.

"மச்சான், ஒங்க பட்டியில ஒரு வேலை குடுங்க. சாணி அள்ளுறேன். பட்டை இருந்தா போதும்."

அதிகாரியிடம் கேட்டேன். ஒரு ஆள் கூடினால் ஒரு மாடு கூட வேண்டும் என்றான். அவன் அதை விளையாட்டாகச் சொன்னானா, நிஜமாகவே சொன்னானா, எனக்குத் தெரியாது. என் சினைப் பசுதான் கண்ணில் நின்றது. கன்று போட இன்னும் சில வாரம்தான் இருந்தது. பால் வந்துவிட்டால் அவனுக்கும் தினம் ஒரு போத்தல் கொடுத்துக் காரியம் சாதிக்கலாம் என்று நினைத்தேன்.

"அடுத்த வாரம் பாக்கலாம் மச்சான். அது வரைக்கும் வெளிய வராதீங்க" என்றேன்.

அவர் சரி என்று சொல்லிப் போனார். வீட்டில் ஒன்றுமில்லாமல் ஒரு ஆம்பளை ஒரு வாரம் உள்ளேயே எப்படி இருப்பான் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஐந்தாம் நாள் அந்த இடத்து மாட்டையும் ஓட்டிக்கொண்டு தெங்கேராவுக்குக் கிளம்பியிருக்கிறார். அங்கே ஒரு சீனர் ஒற்றைக் காளை வைத்திருப்பதாகவும், இரண்டையும் சேர்த்து ஓட்டிப் பாதிப் பாதி எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னதாகவும் தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறார். பாதி வழியில் லாரி நின்றது. கையில் பட்டை இல்லை. ஏறு என்றார்கள். கயிற்றைக் கீழே போட்டுவிட்டு ஏறினாராம். எதிர்க்கடையில் நின்றவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

மாடு தானாகத் திரும்பி வந்தது. கயிறு தரையில் இழுபட, வாசலில் வந்து நின்றது. தங்கச்சி அவர் பின்னால் வருகிறார் என்று நினைத்துத் தண்ணீர் வாளியை எடுத்துவைத்தாளாம்.

இரண்டு நாள் டவுனில் அலைந்தேன். அதிகாரியின் காலில் விழுந்தேன். அது வேறு ஆட்களின் வேலை, எனக்கு மாடு மட்டும்தான் என்றான். அதற்குள் அவர்களை வடக்கே கொண்டுபோய்விட்டார்கள். நான் எழுந்தபோது, அந்த வீட்டில் இன்னும் ஒரு மாடு இருக்கிறதே என்று அவனே ஞாபகப்படுத்தினான். ஓட்டுகிற ஆள் இல்லாத மாடு பட்டிக்கு வர வேண்டும்.

நானே போனேன். வேறு ஆளை அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் அது இன்னும் கோழைத்தனம் என்று அப்போது பட்டது. இப்போது அப்படித் தோன்றவில்லை. தங்கச்சி மாட்டின் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். அழவில்லை. நான் கயிற்றை எடுத்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணே, அன்னைக்கே ரெண்டையும் எடுத்திருக்கலாம்."

நான் நின்றேன்.

"ரெண்டும் போயிருந்தா அவரு வண்டிய மறந்துட்டு அன்னைக்கே வேற வேலைக்குப் போயிருப்பாரு. ஒண்ண விட்டுவச்சீங்க. ஜோடி தேடியே போயிட்டாரு."

மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தேன். அது என் பின்னால் அமைதியாக, தன் வலது பக்கம் ஒரு மாட்டுக்கு இடம் விட்டு நடந்தது. நாற்பது நாள் கட்டிப் போட்டேன். மார்புக் கயிற்றில் அது வைத்த சதையை வேறு எந்த மாடும் வைத்ததில்லை.

என் பசு கன்று போட்டது. காளைக்கன்று. எங்கள் கொட்டகையில் ஒரு காளைக்கன்று வயிறு முட்டக் குடித்து வளர்ந்தது அதுதான் முதல் தடவை. அது இறைச்சிக்கு என்று அதிகாரி முன்கூட்டியே சொல்லிவிட்டான். கன்றுக்கும் அவனுக்கும் போக மிச்சப் பாலை என் மனைவி தங்கச்சி வீட்டில் ஊற்றிவிட்டு வருவாள். தங்கச்சி வாங்கிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியாது, இரண்டு பிள்ளைகள். பாத்திரத்தை நீட்டுவாள், வாங்குவாள், உள்ளே போவாள். என் மனைவியிடமும் பேசவில்லை. பசு மறுபடி சினையாகிப் பால் வற்றியதும் அதுவும் நின்றது.

ஜப்பான்காரன் தோற்றுவிட்டான் என்று ஒரு காலையில் ஊருக்குள் பேச்சு வந்தது. அதிகாரி பட்டிக்கு வந்தான். வழக்கம்போல ஒவ்வொரு மாட்டின் முதுகிலும் கை வைத்துக்கொண்டு ஒரு சுற்று வந்தான். எங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. லாரியில் ஏறிப் போனான். அவனை நான் திரும்பப் பார்க்கவில்லை.

அவன் போன ஒரு மணி நேரத்துக்குள் வேலி சாய்ந்தது. சீனர், மலாய்க்காரர், தமிழர், செட்டிமார் எல்லாரும் பாராங் அரிவாள், கோடாரி, சமையல் கத்தி என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்தார்கள். கசாப்புக்காரர் கத்திக் கத்திச் சொன்னார், முறையாக அறுத்துத் தருகிறேன், வரிசையில் நில்லுங்கள் என்று. யாரும் கேட்கவில்லை. நின்ற மாட்டின் தொடையிலேயே வெட்டினார்கள். நாற்பது நாள் தீனி தின்ற மாடுகள் ஓடத் தெரியாமல் நின்ற இடத்திலேயே கத்தின. தடியை வைத்துக்கொண்டு நான் குறுக்கே நிற்கவில்லை. இரண்டரை வருஷம் அவர்களைத் தடுத்தது போதும் என்று இருந்தது. பயமும் இருந்தது.

அங்கிருந்து என் கொட்டகைக்கு வந்தார்கள். என் பசு அப்போது நிறைசினை. நான் அதன் முன்னால் போய் நின்றேன். யாரோ என் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சாய்த்து அழுத்தினார்கள். அடிக்கவில்லை. எல்லாம் முடிகிறவரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணை மூடிக்கொள்ளவும் தோன்றவில்லை. வயிற்றிலிருந்து கன்றை இழுத்து ஓரமாகப் போட்டார்கள். ஈரமாக, முடி முளைத்து, முழுசாக இருந்தது. கிடேரி.

கூட்டத்துக்கு நடுவே என் தங்கச்சி ஒரு அலுமினியப் பேசினோடு நின்றாள். பிறந்ததிலிருந்து மாட்டிறைச்சி பக்கமே போகாதவள். பட்டியிலிருந்து வந்த ரத்தவாடைக்கே ஒரு காலத்தில் வாந்தி எடுத்தவள். வெட்டுகிறவரிடம், தொடையில கொஞ்சம் என்று கேட்டாள். அவர் ஒரு துண்டை வெட்டிப் பேசினில் போட்டார். திரும்பும்போது என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபத்தைத் தேடினேன், இல்லை.

"பிள்ளைங்க பசியா இருக்காங்கண்ணே" என்றாள்.

சயாமிலிருந்து சில பேர் திரும்பி வந்தார்கள். அவர்களில் ஒருவர், மச்சானை ஒரு முகாமில் கண்டதாகவும், முழங்காலுக்குக் கீழே புண் வைத்து எழுந்து நிற்க முடியாமல் கிடந்ததாகவும், மறுநாள் தங்களை வேறு முகாமுக்கு நடத்திக்கொண்டு போய்விட்டதாகவும் சொன்னார். அதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. தங்கச்சி ரொம்ப நாள் பொட்டை அழிக்கவில்லை. அப்புறம் அழித்தாள்.

அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பத்து பெரெண்டாம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனாள். நான் மாடு வளர்ப்பதை விட்டேன். முனிசிபல் குப்பை லாரியில் வேலை பார்த்தேன், அதிலேயே ஓய்வு பெற்றேன். மாடு வாங்கப் பணம் இருந்த காலத்தில்கூட வாங்கவில்லை. இது தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு மாட்டைப் பார்த்தால் அது எத்தனை நாள் தாங்கும் என்றுதான் மனசு முதலில் சொல்லும். அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவே இல்லை.

தங்கச்சியின் பெரியவள் கல்யாணத்துக்கு அழைப்பு வந்தது. தாய்மாமன் செய்யவேண்டிய சீரை வேறு யாரோ செய்தார்கள், நான் பந்தலில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் தங்கச்சி வாளியோடு வரிசையாகச் சோறு போட்டுக்கொண்டே வந்தாள். என் இலைக்கு வந்ததும், பக்கத்து இலைக்குப் போட்ட அதே அளவு போட்டாள்.

"போதுமாண்ணே?" என்று கேட்டாள்.

போதும் என்றேன். அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.